கெத்துருனான் என்ற கேள்விக்கு அக்கா சொன்ன பதில்

எங்கள் அக்காவின் கருமாதிக்கு வந்திருக்கும் உறவுகளே, நண்பர்களே, முதலில் வயிறாரச் சாப்பிடுங்கள். பிறகு உட்கார்ந்து இதைப் படியுங்கள். அக்கா இருந்திருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார். பசியோடு இருப்பவரிடம் அவர் ஒருநாளும் துக்கம் பேசியதில்லை.

இந்த நினைவு மலருக்காக அண்ணன் முதலில் ஒரு வரி எழுதிக் கொடுத்தார். "சிறிது காலம் உடல்நலம் குன்றியிருந்து இறைவனடி சேர்ந்தார்." எல்லா மலரிலும் இருக்கிற வரிதான், பொய்யும் இல்லை. ஆனாலும் அந்த வரி இங்கே இல்லை. அக்கா கடைசி மாதங்களில் எங்களிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். "எனக்கு என்னா நோவுன்னு மறைக்காதீங்க. பேரைச் சொல்லுங்க. என் புள்ளைக்கு அது வேணும்." அக்காவின் ஒரே மகள் தர்ஷினிக்குத் திருமணம் பேசி முடித்திருந்த நேரம் அது. பேரைச் சொன்னால் திருமணம் நின்றுவிடும் என்பது அண்ணனின் பயம். சொல்லாமல் விட்டால் மகளையே இழந்துவிடுவோம் என்பது அக்காவின் பயம். இருவரும் பிடிவாதக்காரர்கள். நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தது தங்கையாகிய நான்.

அக்கா பிறந்தது கோலா சிலாங்கூரை அடுத்த ஒரு செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். அப்பா டிராக்டர் ஓட்டினார். அம்மாவுக்குப் புல்வெட்டு வேலை. அம்மாவின் தங்கையான எங்கள் சின்னம்மா இரண்டு வீடு தள்ளி இருந்தார், அவருக்குக் களைக்கு மருந்தடிக்கும் வேலை. அண்ணன் மூத்தவர், அடுத்தவர் அக்கா, கடைக்குட்டி நான். அக்கா படிப்பில் கெட்டிக்காரர்தான். ஆனால் அவர் இடைநிலைப்பள்ளிக்குப் போகும் வயதில் அம்மாவின் கை முடங்கிவிட்டது. காலையில் எழுந்தால் விரல் மடங்காது, மூட்டு மூட்டாக வீங்கியிருக்கும். சட்டியைத் தூக்கவும் துணியைப் பிழியவும் அக்காதான் என்றாகிவிட்டது. எனக்குத் தலை பின்னிவிட்டு, தன் தலையை அப்படியே முடிந்துகொண்டு பள்ளிக்கு ஓடுவார். பல நாள் பள்ளிக்கு ஓடாமலேயே இருந்துவிட்டார். அதைப் பற்றி ஒரு நாளும் குறை சொன்னதில்லை. நான் பரீட்சையில் கோட்டை விட்டபோது மட்டும், "எனக்கும் சேத்து நீ படிக்கணும்டி, மறந்துட்டியா?" என்று காதைத் திருகினார்.

அம்மாவுக்கு ஏன் அப்படி ஆயிற்று என்று கேட்டால் லயத்தில் எல்லோருக்கும் பதில் தெரியும். மழையிலே நனைந்து நனைந்து வாதம் பிடித்துக்கொண்டது என்பார்கள். சின்னம்மாவுக்கு வேறு மாதிரி. இரண்டு கன்னத்திலும் மூக்கின் மேலும் சிவப்பாகத் தடித்திருக்கும், முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும், வயிற்றில் பிள்ளை தங்கவில்லை. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். கடைசியில் சிறுநீரகம் பழுதாகி, பாவம், சிறு வயதிலேயே போய்ச் சேர்ந்தார். அதையும் வெயிலின் கணக்கில் சேர்த்துப் பேசி முடித்துவிட்டார்கள்.

அக்கா திருமணமாகி ஆற்றுக்கு அக்கரையில் பாசிர் பெனம்பாங்கில் குடியேறினார். அத்தான் மீன் லோரி ஓட்டினார். அக்கா ஒரு மீன் கொட்டகையில் இறால் தரம் பிரிக்கும் வேலைக்குச் சேர்ந்தார். நாள் முழுக்க ஐஸில் கை. வேலை முடிந்து வந்ததும் அக்காவுக்கு ஒரு விளையாட்டு உண்டு. சத்தம் போடாமல் பின்னால் வந்து அந்த ஐஸ் கையைக் கழுத்தில் வைத்துவிடுவார். நாம் துள்ளிக் குதிப்போம், அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். இதைப் படிக்கும் உங்களில் எத்தனையோ பேர் அந்தக் கையிடம் அகப்பட்டவர்கள்தான். கல்யாண வீட்டில் சமையற்கட்டுப் பொறுப்பில் அக்கா இருந்தால், வேலை செய்யாமல் கதை பேசுகிற ஆண்கள் எல்லோருக்கும் அந்த மரியாதை நடக்கும். கொட்டகை முதலாளியான தவுக்கேயையே ஒரு சீனப் புத்தாண்டு அன்று அப்படிச் செய்துவிட்டு, அவர் சிரித்துவிட்டதால் தப்பித்தார்.

பிறகு அக்காவின் விரல்கள் வெளுக்கத் தொடங்கின. முதலில் நுனி மட்டும், பிறகு பாதி விரல். சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகும், நீலம் பாரிக்கும், கொஞ்ச நேரத்தில் சிவந்து சுரீரென்று வலிக்கும். நான் கேட்டால் கேலி செய்வார். "ஐஸ்ல கை வச்சா வெளுக்காம வெத்தல போட்ட மாதிரி செவக்குமா?" என்பார். எங்களுக்கும் அதில் மேலே கேட்க ஒன்றும் இருக்கவில்லை. மழை அம்மாவை முடக்கியது, வெயில் சின்னம்மாவைச் சுட்டது, ஐஸ் அக்காவை வெளுக்க வைத்தது. எங்கள் வீட்டுப் பெண்கள் மூவரின் நோய்க்கும் அவரவர் வேலையே காரணம் சொல்லிவிட்டதால், மூவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

விரல் வீங்கி மோதிரம் கழற்ற முடியாமல் போனபோதுதான் அக்காவை நான் இழுக்காத குறையாக மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். நல்ல கூட்டம். மிஸ்ஸி, அதாவது தாதி, மலாய்க்காரப் பெண், பாவம் மூச்சுவிட நேரமில்லாமல் ஒவ்வொருவரிடமும் விவரம் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். பேர், வயது, என்ன வேலை, எத்தனை நாளாக வலி என்று கேட்டுவிட்டு, "கெத்துருனான்?" என்றார்.

"இந்தியா, மிஸ்ஸி" என்றார் அக்கா.

நானும் பக்கத்தில்தான் இருந்தேன். எனக்கும் அது சரியான பதிலாகவே பட்டது. இந்த நாட்டில் எந்த விண்ணப்பப் பாரத்தை எடுத்தாலும் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கும். மலாய்க்காரரா, சீனரா, இந்தியரா என்று போட வேண்டும். பிறப்புப் பத்திரத்திலிருந்து போட்டுப் போட்டு நமக்குப் பழகிப்போன சொல். அதே சொல்தான் மருத்துவமனையில் பரம்பரை நோய்க்கும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. மிஸ்ஸி கேட்டது, இந்த நோய் உங்கள் வம்சத்தில் யாருக்காவது உண்டா என்று. அக்கா வம்சத்தையே ஒரே வார்த்தையில் சொல்லி முடித்துவிட்டார். மிஸ்ஸி ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார், லேசாகச் சிரித்தார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவர் மேல் ஒரு தப்பும் கிடையாது.

அக்காவுக்கு வாதம் என்று மருந்து கொடுத்தார்கள். சாப்பிட்டார். ஆனால் கையின் தோல் இறுகிப் பளபளப்பாகிக்கொண்டே போனது. முகத்துத் தோலும் இறுகி, வாயை அகலமாகத் திறக்க முடியாமல் போயிற்று. "நான் ரொம்பப் பேசுறேன்னு சாமியே வாயைச் சின்னதாக்கிட்டாருடி" என்று அதற்கும் சிரித்தார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கத் தொடங்கியதும் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே பார்த்த நிபுணர் ஒரு தமிழ்ப் பெண். அக்காவின் கையை வெகுநேரம் பிடித்துப் பார்த்தபிறகு கேட்டார்.

"குடும்பத்துல வேற யாருக்காச்சும் இந்த மாதிரி இருந்திருக்கா ஆன்ட்டி?"

"அதெல்லாம் முன்னமே கேட்டுட்டாங்க டாக்டர். சொல்லிட்டேன்."

"என்னா சொன்னீங்க?"

"இந்தியான்னு."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திப் பேனாவைக் கீழே வைத்தார். அம்மா எப்படி இருந்தார், அம்மாவின் கூடப் பிறந்தவர்கள் எப்படி இருந்தார்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். அக்கா சொல்லச் சொல்ல, மழையும் வெயிலும் ஐஸும் அந்தச் சின்ன அறையில் வரிசையாக வந்து உட்கார்ந்தன.

அன்றுதான் அந்தப் பெயரை முதன்முதலாகக் கேட்டோம். ஸ்கிளிரோடெர்மா. தோலும் அதோடு நுரையீரல் போன்ற உள்ளுறுப்புகளும் இறுகிப்போகிற நோய். உடம்பை ஒன்றாகப் பிடித்து வைத்திருக்கும் இணைப்புத் திசுக்களைத் தாக்குகிற நோய்கள் பல உண்டாம், அவற்றில் இது ஒன்று. டாக்டர் சொன்னதை எனக்கு விளங்கியவரை எழுதுகிறேன். "நம்ம உடம்புல கிருமியை எதிர்க்கிற காவல் ஒண்ணு இருக்கு ஆன்ட்டி. அது ஆள் தெரியாம நம்மளையே அடிச்சா இந்த மாதிரி நோவெல்லாம் வரும். அப்படி ஆள் தெரியாம போற தன்மை குடும்பத்துல வரலாம். ஆனா நோவு அப்படியே அம்மாகிட்ட இருந்து மகளுக்குக் கைமாறி வர்றதில்ல."

அம்மா வழியிலும் அப்பா வழியிலும் மரபணுக்களில் சின்னச் சின்னக் கூறுகளாக அந்தத் தன்மை வந்து சேர்கிறதாம். ஏதோ ஒன்று மட்டும் இருந்து நோய் வருவதில்லை. பல சேர்ந்தும் ஒன்றும் ஆகாமல் வாழ்ந்து முடிப்பவர்கள்தான் அதிகம். சிலருக்கு மட்டும், ஏதோ ஒரு தொற்றோ வேறு வெளிக்காரணமோ அதைத் தட்டி எழுப்பிவிடுகிறது. ஆண்களைவிடப் பெண்களையே அதிகம் பிடிக்கும். ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு மூட்டில், ஒருவருக்குத் தோலில், ஒருவருக்குச் சிறுநீரகத்தில் என்று வேறு வேறு பெயரிலும் வரும். அம்மாவையும் சின்னம்மாவையும் இனி சோதித்துப் பார்க்க முடியாது, ஆனால் நீங்கள் சொல்வதைக் கேட்டால் அம்மாவுக்கு முடக்குவாதம், சின்னம்மாவுக்கு லூபஸ் என்ற நோய் இருந்திருக்கலாம் என்றார் டாக்டர். வெயில் பட்டால் லூபஸ் மூர்க்கமாகுமாம்.

"அப்ப ஐஸு?" என்றார் அக்கா.

"ஐஸ் விரலை வெளுக்க வைக்கும் ஆன்ட்டி. ஐஸ் இந்த நோவைக் கொண்டு வரல."

"அடப் பாவமே, இத்தன வருசமா அதைப் போயி திட்டினேனே!"

வீட்டுக்குத் திரும்பும் வழியில், பாலம் ஏறும்போது அக்கா, "ஒரே மாவுலதான்டி ஊத்தியிருக்கு. அம்மா இட்லி, சின்னம்மா தோசை, நான் பணியாரம்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "தர்ஷினி என்னாவோ?" என்றார். அதில் கேலி இல்லை.

வரும் வராது என்று முன்கூட்டியே சொல்லிவிடும் ஒற்றைப் பரிசோதனை கிடையாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அறிகுறி தெரிந்தால் தாமதிக்காமல் கூட்டி வாருங்கள், ஆரம்பத்திலேயே பிடித்தால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் காப்பாற்ற மருந்து இருக்கிறது என்றும் சொல்லியிருந்தார். தர்ஷினி அப்போது கோலா குபு பாருவில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்துகொண்டிருந்தாள். பக்கத்து ஊரான ராசாவிலிருந்து ஒரு நல்ல குடும்பம் பெண் கேட்டு வந்து, தட்டு மாற்றியாகிவிட்டது. ஒரு சனிக்கிழமை மூவரும் சூப்பர்மார்க்கெட்டுக்குப் போனோம். தர்ஷினி குளிர்ப்பெட்டிக்குள் கையை விட்டு ஒரு பொட்டலம் எடுத்தாள். அவள் விரல் நுனி இரண்டு, சுண்ணாம்பாக வெளுத்துப்போனது. அவள் சட்டென்று கையைத் துப்பட்டாவுக்குள் மறைத்தாள். அந்த அவசரத்தைப் பார்த்தே தெரிந்தது, அது முதல் முறை இல்லை என்று.

"எப்பலேர்ந்துடி?" என்றார் அக்கா.

"ஆபீஸ் ஏர்கோன்மா. ஸ்ட்ராங்கா வைக்கிறாங்க, அவ்ளோதான் லா."

மழை, வெயில், ஐஸ், இப்போது ஏர்கோன். அக்கா அந்தக் குளிர்ப்பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அவர் தன் நோய்க்குப் பயந்து நான் பார்த்ததில்லை. அன்று பயந்தார்.

சேதி அண்ணனுக்குப் போயிற்று. அண்ணன் தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை. அன்று அக்கம்பக்கம் முழுக்கக் கேட்டிருக்கும்.

"ஏன் இப்பப் போயி இதைக் கிளர்றீங்க? கல்யாணம் முடியட்டும், அப்பறம் டாக்டரைப் பாப்போம். பரம்பரை நோவுக் குடும்பம்னு ஒரு பேரு வந்துச்சுன்னா நம்ம புள்ளைங்க ஒண்ணையாச்சும் எவனாவது கட்டுவானா?"

"முடிஞ்சப்பறம் தெரிஞ்சா ஏமாத்திட்டாங்கன்னு பேரு வரும்ணே. அது மட்டும் நல்லாருக்கா?" என்றார் அக்கா. அண்ணன் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். அப்பா போனபிறகு எங்கள் இருவருக்கும் திருமணம் செய்து வைத்தவர் அவர். அவர் கோபம் எங்கிருந்து வருகிறது என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் வலித்தது.

அக்கா சம்பந்தியம்மாவை வீட்டுக்கு வரச் சொன்னார். அதற்குள் மூக்கில் ஆக்சிஜன் குழாய் வந்துவிட்டது. டீ கொடுத்து, பலகாரம் கொடுத்து, நலம் விசாரித்து முடித்ததும் அக்கா தன் இரண்டு கையையும் நீட்டினார். "தொட்டுப் பாருங்க சம்பந்தி" என்றார். அந்த அம்மா தயங்கித் தொட்டார். "என் மகளுக்கு என்னா நகை போடுறோம்னு அன்னிக்கே சொன்னோம். இதையும் சேத்துச் சொல்லிடணும் இல்லையா? இது அவளுக்கு வந்தாலும் வரும், வராமலும் போவும். விரலு லேசா வெளுக்குது, டாக்டர்கிட்ட காட்டப் போறோம். வரலைன்னா சாமி புண்ணியம். வந்தா அவளை ஏசாதீங்க, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. அவ்ளோதான் நான் கேக்குறது." தர்ஷினி உள்ளே அறையில் அழுதுகொண்டிருந்தாள். சம்பந்தியம்மா டீயைக் குடித்து முடித்து, வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு ராசாவுக்குப் போய்விட்டார்.

பல நாள் போன் இல்லை. "திருப்தியா?" என்று அண்ணன் என்னிடம் கேட்டார், அக்காவிடம் கேட்க மனம் வராமல். அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. செய்தது சரிதானா என்று என்னிடம் கேட்கவும் இல்லை, சுவரையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். பிறகு ஒரு மத்தியானம் சம்பந்தியம்மாவிடமிருந்து போன் வந்தது. நான்தான் அக்காவின் காதில் பிடித்துக்கொண்டிருந்தேன், அதனால் எனக்கும் கேட்டது. "தர்ஷினிக்கு எப்ப டாக்டர்கிட்ட நாள் கொடுத்திருக்காங்க? தம்பியும் லீவு போட்டுட்டு வர்றேங்கறான். நாளைக்கு அவன்தானே பாத்துக்கணும், அவனும் கேட்டுத் தெரிஞ்சிக்கட்டும்." அக்கா கண்ணை மூடிக்கொண்டார். சற்று நேரம் கழித்து என்னைப் பார்த்து, "கொஞ்சம் ரசம் வைடி, சோறு சாப்பிடுறேன்" என்றார். அன்று வைத்த ரசத்தைப் போல நான் மறுபடி ஒரு ரசம் வைக்கப்போவதில்லை.

டாக்டர் கொடுத்த நாளுக்கு முன்பே அக்கா போய்விட்டார். வீட்டில்தான், ஒரு காலை நேரத்தில், மூச்சு அடங்கியது. வரிசையாக வந்து கையைத் தொட்ட உறவுக்காரப் பெண்கள், "கை இப்படிச் சில்லுன்னு ஆயிடுச்சே" என்று கதறினார்கள். தர்ஷினி அழுகைக்கு நடுவே, "எங்கம்மா கை எப்பவும் அப்படித்தான்" என்றாள். அழுதுகொண்டிருந்த பாதிப்பேர் கழுத்தைத் தொட்டுக்கொண்டு சிரித்தோம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் யாருக்காவது குளிரில் விரல் வெளுத்தால், காலையில் விரல் மடங்க மறுத்தால், கன்னத்தில் தடிப்பு போகாமல் நின்றால், வெயிலையும் மழையையும் திட்டிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். பயப்படவும் வேண்டாம். போய்க் காட்டுங்கள். நீங்கள் எங்கள் இரத்த உறவாக இருந்தால் அம்மாவையும் சின்னம்மாவையும் அக்காவையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அது அவர்கள் மூவருக்கும், குறிப்பாக அக்காவுக்கு, நீங்கள் செய்யும் மரியாதை.

நோயின் பெயரைக் கண்டு சொன்ன டாக்டருக்கும், அக்காவைக் கைத்தாங்கலாக நடத்திச் சென்ற எல்லா மிஸ்ஸிகளுக்கும், நாற்காலி போட்டு உட்காரவைத்து ஐஸ் இல்லாத வேலையாகப் பார்த்துக் கொடுத்த தவுக்கேவுக்கும், லோரியை விட்டுவிட்டு அக்காவுக்குச் சேலை கட்டிவிடவும் தலை வாரவும் கற்றுக்கொண்ட அத்தானுக்கும், பக்கத்து வீட்டு மீனவக் குடும்பத்தாருக்கும், ராசாவில் இருக்கும் சம்பந்தியம்மாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. திருமணம் அக்காவின் வருடம் திரும்பியதும் நடக்கும்.

அண்ணனுக்கு நன்றி சொல்வது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. இருந்தாலும் சொல்கிறேன். தர்ஷினிக்குக் கொடுத்த நாள் போன வாரம்தான் வந்தது. துக்க வீட்டிலிருந்து எப்படிப் போவது என்று நாங்கள் தயங்கிக்கொண்டிருக்கையில், அண்ணன் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி ஹார்ன் அடித்தார். மருத்துவமனையில் மாப்பிள்ளை எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தார். டாக்டர் பிறகு தர்ஷினியின் நகக்கண்ணைப் பார்த்து இரத்தம் எடுத்தார். விரல் வெளுப்பது மட்டும் பல பெண்களுக்கு ஒன்றுமில்லாமலும் போகும், முடிவு வரட்டும், எதுவானாலும் சீக்கிரமே வந்துவிட்டீர்கள் என்றார். நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால் நடந்தது.

நல்ல கூட்டம். ஒரு மிஸ்ஸி தர்ஷினியிடம் பேர், வயது, வேலை எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். பிறகு தலை நிமிராமல் கேட்டார்.

"கெத்துருனான்?"

தர்ஷினி என்னைப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அப்போது எங்களுக்குப் பின்னால் இருந்து அந்தக் குரல் வந்தது. தோட்டத்தில் கடைசி நிரையில் நிற்பவருக்கும் கேட்கிற குரல்.

"ஆடா, மிஸ்ஸி! மக் சாயா. மக் சிக் சாயா. அடிக் சாயா."

இருக்கு. என் அம்மா. என் சின்னம்மா. என் தங்கச்சி.

கூடம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. "மாமா, மெதுவா" என்று தர்ஷினி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அண்ணன் அவளைக் கவனிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "யாரையாச்சும் விட்டுட்டேனா பாரு" என்றார்.